சாவி நோட்டு

ஞாயிறு, பிற்பகல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பேரனுக்கு வகுத்தல் கணக்கு வரவில்லை என்று எழுதியிருந்தாய். எண்களைக் காட்டி மிரட்டாதே. ஏழு பென்சிலைக் கொடுத்து மூன்று பொம்மைகளுக்குப் பங்கு போடச் சொல். மீதி ஒன்று கையில் நிற்கும்போது அவனே கேள்வி கேட்பான்.

"போலீஸோட நமக்கு எதுக்கும்மா வம்பு? தம்பியை வாயை மூடிட்டு இருக்கச் சொல்லு, இல்லேன்னா டிக்கெட் போடறேன், இங்க அனுப்பிடு" என்றும் எழுதியிருந்தாய். இதற்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. நான் பேசும்போதெல்லாம் தம்பி பக்கத்திலேயே இருக்கிறான். அவனிடம் மறைத்த விஷயம் ஒன்று இதில் இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில் திருட்டு. பூட்டு உடையவில்லை, சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். ஊரில் சாவி செய்கிறவர்கள் எல்லாரையும் விசாரித்தார்கள், தம்பியையும்தான். அதில் எனக்குக் கோபமில்லை. வகுப்பில் ஒரு பேனா காணாமல் போனால் நானும் எல்லார் பையையும் திறந்து பார்த்தவள்தானே. பத்தாம் நாள் திருடன் அகப்பட்டான். அந்த வீட்டுக்காரரின் சொந்த அக்காள் மகன்.

அத்தோடு தீர்ந்தது என்றிருந்தோம். அடுத்த வாரம் இரண்டு போலீஸ்காரர்கள் கடைக்கு வந்து, பக்கத்துச் சந்தில் ஒரு வாடகை வீட்டைத் திறந்து தரச் சொன்னார்கள். குடியிருப்பவர் வேலைக்குப் போயிருந்தார். தம்பியின் வழக்கம் உனக்குத் தெரியும். அந்த வீட்டில் குடியிருப்பவர் பக்கத்தில் நின்று, அவன் நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் எந்தப் பூட்டிலும் கை வைப்பான். அப்பா போனபின் நம் பீரோவைத் திறக்க என்னிடமே கையெழுத்து வாங்கியவன்! அவர்களிடமும், "கோர்ட் உத்தரவு இருக்கா சார்?" என்று கேட்டிருக்கிறான். இருவரில் மூத்தவர், "சாவி போடறவனுக்கு இவ்வளவு சட்டமா?" என்று சிரித்தாராம்.

மறுநாள் முதல் தினமும் வருகிறார்கள். கடை திறக்கும் நேரத்துக்குச் சரியாக ஜீப் வாசலை மறித்து நிற்கும். மூத்தவர் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான், உன்னைப் பார்க்காம இருக்க முடியலப்பா" என்பார். இளையவர் வாசலிலேயே நின்று தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவர்களுக்கு முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்று பெயர் வைத்திருக்கிறேன். சில நாள் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பிவிடுவார்கள். பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்த ஓர் அம்மாள் ஜீப்பைப் பார்த்ததும், கடை மாறி வந்துவிட்டதுபோல் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இனிதான் நான் செய்த காரியம். தம்பி ஸ்டேஷனில் இருந்த ஒரு காலை, முதல் பெஞ்சு நம் வீட்டுக்கு வந்தார். மரியாதையாக உட்கார்ந்து, "டீச்சர், உங்க பையன் ஏதோ நோட்டெல்லாம் எழுதி வெச்சிருக்கானாமே" என்றார். பள்ளிக்கூடத்துக்கு மேலதிகாரி வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? இருப்பதிலேயே நல்ல நோட்டை எடுத்து மேலே வைப்போம். அந்தப் பழக்கம் போகவில்லையே! பீரோவிலிருந்து நானே எடுத்துக்கொடுத்தேன். நான்கு வருஷம், பெயர், விலாசம், எந்தக் கதவு, எத்தனை சாவி, கையெழுத்து. ஓர் அடித்தல் இல்லை பாருங்கள் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன். "ரொம்ப நீட்டா இருக்கு டீச்சர்" என்றார். பிறகு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு ரசீதுகூடத் தரவில்லை.

அதிலுள்ள விலாசங்களுக்கு ஒவ்வொன்றாகப் போகிறார்கள். "உங்க வீட்டுச் சாவி அவன் கைல போயிட்டு வந்திருக்கு, தெரியுமில்ல?" இவ்வளவுதான் சொல்கிறார்கள். பாதித் தெரு பூட்டை மாற்றிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் புதுப் பூட்டை என் கண்ணில் படாமல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

தம்பியிடம், சோதனை போட்டு எடுத்துப்போனார்கள் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்ன பிள்ளைகளை எத்தனை வருஷம் வெளியே நிற்க வைத்திருப்பேன்!

வாசலில் ஜீப் சத்தம். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

செவ்வாய், காலை

அவர்கள்தான் வந்தார்கள். எதிர்வீட்டு வக்கீல் பெண் எழுதிக்கொடுத்த புகாரை மேலிடத்துக்கு அனுப்பியிருந்தோம், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை. "வாபஸ் வாங்கிடுங்க டீச்சர், வயசான காலத்துல எதுக்கு அலைச்சல்?" என்றார் முதல் பெஞ்சு. குரலில் சர்க்கரை. போகும்போது கடைசி பெஞ்சு நாற்காலியை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவரால் முடிந்தது அவ்வளவுதான் போலும்.

நோட்டு எப்படி வெளியே போனது என்பதை உள்ளபடி சொன்னால்தான் அதைத் திரும்பக் கேட்க முடியும் என்றாள் வக்கீல் பெண். அப்படியானால் தம்பிக்கும் தெரிந்தாக வேண்டும். நேற்று மாலை சொன்னேன். யாரும் கேட்காத ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"தெரியும்மா. சோதனை போட்டவங்க பீரோவைப் பூட்டி, சாவியை உன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளயா வெச்சிட்டுப் போவாங்க?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எத்தனை நாளாயிற்று! "எனக்கு நல்ல மார்க் வாங்கிக் குடுக்கத்தானே எடுத்துக் காட்டினே" என்றான். பிறகு, "அக்கா இருக்கற ஊர்ல எல்லாரும் கார்டு காட்டித்தான் கதவு திறப்பாங்களாமே?" என்று கேட்டான். அங்கே சாவிக்காரனுக்கு என்ன வேலை என்பதுதான் அதன் அர்த்தம்.

அதனால் இப்போதைக்கு டிக்கெட் போடாதே. அவன் உன்னிடம் வந்தால் அக்காவைப் பார்க்க வந்த தம்பியாக வரட்டும். ஓடி வந்தவனாக வர வேண்டாம். வாயை மூடிக்கொள் என்றும் அவனிடம் சொல்லாதே. போலீஸிடம் அவன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், அதுவும் சரியான கேள்வி.

வெள்ளிக்கிழமை நான் பேசுவேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், பாடம் நடத்திவிடாதீர்கள் என்று வக்கீல் பெண் எச்சரித்திருக்கிறாள். மறுநாள் சனிக்கிழமை காலை போன் பண்ணு. நாங்கள் எடுக்காவிட்டால் பதறாதே. அவள் எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. தம்பி முதன்முதலில் செய்த, பல் கோணலான நம் வீட்டுச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது? துருப்பிடித்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வை. தெருவே பூட்டை மாற்றினாலும் நாங்கள் மாற்றவில்லை. நீ வரும் நாளில் உள்ளே யாரும் இல்லாவிட்டாலும், வாசலில் நிற்காதே அம்மா. நீயே திறந்துகொண்டு வா.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். ஒரு குறையுமில்லாமல் இருங்கள்.

உன்
அம்மா