வால் நட்சத்திரம் பார்க்க மாடிக்குப் போனோம்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டு முடிப்பதற்குள் உனக்கு வேலை வந்துவிடுகிறது, இது நடுவில் நிறுத்தாமல் சொல்ல வேண்டிய விஷயம். முதலில் ஒன்று, வால் நட்சத்திரம் வந்திருக்கிறதே, பார்த்தாயா? சூரியன் இறங்கி, எதிரே வருகிறவர் முகம் மங்கலாகிற நேரத்தில் மேற்கே பார்க்க வேண்டும். இங்கே அடிவானத்துக்கு மேலே ஒரு சாண் உயரம்தான், சீக்கிரம் இறங்கிவிடுகிறது. நாளாக ஆக மேலே ஏறுமாம், ஏற ஏற மங்கவும் செய்யுமாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், யாரிடமாவது பைனாகுலர் கேட்டு வாங்கிக்கொண்டு போ. இதெல்லாம் இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நர்ஸ் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நம் தெருவில் மேற்குப் பக்கம் முழுக்க இப்போது உயரக் கட்டடங்கள். அடிவானம் தெரிய வேண்டுமென்றால் நம் மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். உனக்கே தெரியும், பெரியவன் போன அன்று அப்பா பூட்டிய கதவு அது. தொட்டி கழுவ வருகிற ஆளுக்கு மட்டும் திறந்துவிட்டுப் படியிலேயே நிற்பார், மேலே கால் வைக்கமாட்டார். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. "எல்லாரும் வீட்டைப் பூட்டுவாங்க அங்கிள், நீங்க வானத்தையே பூட்டி வச்சிருக்கீங்களே" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். அப்பா முகம் இருண்டுபோனது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான், சாவியை எடுங்க, நானும் வர்றேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அங்கே போயாக வேண்டியிருந்தது. உன்னிடம் சொன்னதில்லை, யாரிடமும் சொன்னதில்லை, சாயங்காலமானால் மாடியில் யாரோ நடக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். டக் என்று ஒன்று, கொஞ்சம் பொறுத்து டக் டக் என்று இரண்டு. நின்று நின்று நடக்கிற மாதிரி. சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்பா வேறு அந்த நேரம் பார்த்து டி.வி.யை அலறவிடுவார், பாவம் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று பேரும் போனோம். தரையெல்லாம் தூசி. மேற்கே அந்தப் பெண் விரல் நீட்டிய இடத்தில் முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியபிறகு தெரிந்தது, ஜன்னல் கண்ணாடியில் வாயால் ஊதினால் படியுமே ஆவி, அதுபோல ஒரு வெளுத்த கீற்று, நுனியில் ஒரு புள்ளி. நகர்கிற மாதிரியே இல்லை. அப்போது பின்னால் டக் என்றது. நானும் அப்பாவும் ஒரே சமயத்தில் திரும்பினோம். அவள் திரும்பவில்லை, அவளுக்கு அது வெறும் சத்தம். பழைய ஆன்டெனாக் கம்பம் இன்னும் நிற்கிறது, அதிலிருந்து கழன்ற ஒயர் ஒன்று காற்றில் ஆடிக் கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது. உங்களுக்கும் கேக்குமா என்று கேட்டேன். "தினமும்" என்றார். டி.வி. எதற்கு அலறியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொடியில் கிடந்த பழைய கயிற்றை எடுத்து ஒயரைக் கட்டப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். இருக்கட்டும்" என்றார். ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர், போகிற வீட்டிலெல்லாம் லூசான கதவுப் பிடியைப் பார்த்தால்கூட முடுக்கிவிட்டுத்தான் உட்காருகிறவர், அவர் சொன்னார் அப்படி. நான் கயிற்றைப் போட்டுவிட்டேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கீழே இறங்கிப் போனாள், நல்ல பெண்.

இப்போது டி.வி.யைக் குறைத்துவைத்து இருவருமே கேட்கிறோம். போன செவ்வாய்க்கிழமை இலைகூட அசையவில்லை, அன்றும் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன், அவர் பேப்பரைப் பார்த்தார். ஒயர்தான், வேறென்ன. நீ பயந்துகொள்ளாதே.

கண்ணு, அன்று மழை விட்டிருந்தது, தரை ஈரம். டி.வி.யில் படம் தெளிய அவன் மேலே ஆன்டெனாக் கம்பத்தைத் திருப்ப, நீ ஜன்னலில் நின்று வருது, போச்சு, இன்னும் கொஞ்சம் என்று கத்திக்கொண்டிருந்தாய். கால் வழுக்கித்தான் விழுந்தான், உன் குரலால் விழவில்லை. அவன் விழுந்ததும் தெரியாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீ கத்திக்கொண்டே இருந்தாயே, அதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன். அதைச் சுமந்துகொண்டுதான் நீ அத்தனை தூரம் போனாய் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா. இறக்கி வை, ராசா.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. மருமகளுக்கும் காட்டு. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே, அடுத்த தடவை பேசும்போது அப்பாவிடம் எதையாவது சொல்கிற சாக்கில் அண்ணன் என்று ஒரு தடவை சொல். அந்தச் சொல் உன் வாயிலிருந்து வந்து வெகுகாலம் ஆகிறது.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா