அக்கா வீட்டுச் சிவப்புப் படிகள்

அக்கா,

இன்று காலை பசறை வீதியில் ஒரு கட்டடத்துக்குச் சீமெந்து இறக்கப் போயிருந்தேன். முந்தின நாள் போட்ட கொங்கிரீட்டின் மேல் சாக்கு விரித்துத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நனைந்த சாக்கும் பச்சைச் சீமெந்தும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் லொறியில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். "என்ன மொதலாளி, பிரஷரா?" என்று டிரைவர் கேட்டான். இல்லை என்றேன். இது எங்கள் அக்கா வீட்டு வாசல் வாசனை என்று சொன்னால் அவனுக்கு என்ன விளங்கும்?

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. பில் எழுதுவேன், ஓடர் எழுதுவேன், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மனதில் வருகிறபடி எழுதுகிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்வெளிக்கு அப்பால், அந்தச் சின்னத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை அறைகளில் உங்கள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். என் அம்மா கொழுந்து மலையில் நிற்கும்போது எனக்குச் சோறு போட்டது நீங்கள். நான் பதினேழு வயதில் பதுளைக்கு இறங்கினேன். பசாரில் கைவண்டி தள்ளி, ஆணி விற்று, தகரம் விற்று, ஒருவழியாகக் கடை போட்டேன். நீங்கள் மலையிலேயே இருந்தீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம், கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது மண்மேடு சரிந்து உங்கள் முதுகில் விழுந்தது. பல மாதம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மச்சான் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். மிஞ்சியது உங்கள் மகள் செல்வி ஒருத்தி. பன்னிரண்டு வயதில் அவள் உங்களை முதுகில் சுமக்கத் தொடங்கினாள்.

லயத்துக் கக்கூசு பின்பக்கம், பள்ளத்தில். வழுக்குகிற கல்லில் பன்னிரண்டு படி. விடிவதற்கு முன் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பின் ஒரு தடவை செல்வி உங்களைச் சுமந்து இறங்குவாள். பகலில் கிடையாது. ஆட்கள் பார்ப்பார்கள்.

இதெல்லாம் எனக்கு உடனே தெரியாது. மாதத்துக்கு ஒரு தடவை பிஸ்கட்டோடு வருவேன், வாசல் இஸ்தோப்பில் உட்காருவேன். எனக்குத் தேத்தண்ணி வரும், உங்களுக்கு வராது. ஒரு நாள் கேட்டேன்.

"ஏன்க்கா, நீங்க குடிக்க மாட்டீங்களா?"

"தேயிலத் தோட்டத்துல பொறந்து தேத்தண்ணி குடிக்காத ஒரே ஆளு நான்தான் தம்பி. பேப்பர்ல போடச் சொல்லு."

சிரித்தேன். செல்விதான் தண்ணீர்ப் பீலியடியில் வைத்து விளங்கப்படுத்தினாள். "குடிச்சா போகணும்ல மாமா. அதான் மத்தியானத்துக்குப் பொறகு அம்மா பச்சத் தண்ணிகூடத் தொடாது."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. இறங்கி ஒரு சோடா வாங்கினேன். குடிக்க முடியவில்லை.

அரசாங்கம் ஊனமுற்றவர்களுக்கு வீடு கட்ட உதவி கொடுக்கிறது என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். கிராம சேவகரிடம் போனால், "தோட்டத்து ஆட்களைத் தோட்டம் பார்க்கணும்" என்றார். தோட்டத்து ஒபிசில் கேட்டால், "அது கவர்மெந்துக் காரியம்" என்றார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் நாம் ஏழெட்டு மாதம் நடந்தோம். அதாவது நான் நடந்தேன், நீங்கள் கைநாட்டு வைத்தீர்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை ஐயா ஒருவர்தான் உட்கார வைத்துப் பேசினார். யாழ்ப்பாணத்து மனுசர். மெல்லிய குரல், ஆனால் சட்டத்தில் ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்காதவர்.

"தம்பி, சில்லு நாற்காலி இப்பவே எழுதித் தாறன். வீட்டுக்குக் காணி வேணும். லயம் தோட்டத்தின்ர. தோட்டம் ஒரு துண்டு நிலத்துக்குக் கடிதம் தராமல் நான் என்னெண்டு சிபாரிசு செய்யிறது?"

சக்கர நாற்காலி வந்தது. லயத்தில் அது துணி காயப்போடத்தான் உதவியது. வாசலைத் தாண்டினால் படி, படியைத் தாண்டினால் சேறு. கடிதம் வரவில்லை. தோட்டத்தை நடத்தும் துரையைக் கண்டு பேச நான் மூன்று தடவை நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, மூன்று தடவையும் வாசலோடு திரும்பினேன். வியாபாரிக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தாயிற்று என்று உங்களிடம் கைவிரித்தேன்.

"ஒன் வழி முடிஞ்சிச்சா? அப்ப நாளைக்கு என் வழி" என்றீர்கள்.

மறுநாள் விடியற்காலை செல்வியின் முதுகில் ஏறிப் பெரட்டுக்களத்துக்குப் போனீர்கள். வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் வரிசையில் உட்கார்ந்தீர்கள். தலையில் மழைக்குப் போர்த்தும் கொங்காணி, பக்கத்தில் வெறுங்கூடை. கணக்கப்பிள்ளை ஓடி வந்தார்.

"என்னம்மா கூத்து இது? எந்திரிச்சுப் போ."

"எந்திரிக்க முடிஞ்சா நான் ஏன்ய்யா இங்க வாறேன்? பேர் போடுங்க."

"நடக்க முடியாத ஆளுக்கு என்னான்னு பேர் போடுறது?"

"மேல்பாதி நல்லாத்தான் இருக்கு. அரைப் பேராவது போடுங்க."

அரை நாள் வேலைக்குத்தான் அரைப் பேர் போடுவார்கள். வரிசை முழுக்கச் சிரித்ததாம். கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாராம். துரையின் ஜீப் வந்து நின்றபோதும் நீங்கள் நகரவில்லை. "வேலை குடுங்க துரை. இல்லாட்டி ஒரு வீட்டுக்கு எடம் குடுங்க. ரெண்டும் இல்லேன்னா தெனமும் பெரட்டுக்கு வந்துக்கிட்டுத்தான் இருப்பேன்." மூன்றாம் நாள் கடிதம் வந்தது. லயத்துக்குக் கீழே, ரோட்டோரமாக, ஒரு சின்ன வீட்டுக்குப் போதுமான ஏழு பேர்ச் நிலம்.

இனி என் பங்கு. எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அரசாங்க உதவியில் பாதிச் சாமான். குறைந்ததைக் கடையிலிருந்து நான் இறக்கினேன். மேசனும் என் ஆள். உங்களையும் செல்வியையும் வேலை நடக்கும் இடத்தின் பக்கமே வர விடவில்லை. "முடிஞ்சதும் பாருங்க, அசந்துபோவீங்க" என்றேன். லயத்தில் பிறந்தவனுக்கு வீடு என்றால் முதலில் வேண்டியது என்ன? உயரம். மழைத்தண்ணீர் உள்ளே வராத உயரம், ரோட்டில் போகிறவன் அண்ணாந்து பார்க்கிற உயரம். அத்திவாரத்தை இரண்டரை அடி தூக்கச் சொன்னேன். முன்னால் நான்கு படி. அதற்குச் சிவப்புச் சாயம் போட்டு, நானே தேங்காய்மட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். மேசன் கேட்கவில்லை, அளக்க வந்த உத்தியோகத்தர் கேட்கவில்லை, தினமும் வந்து பார்த்த லயத்துச் சனத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் படியைத்தான் மெச்சினார்கள். "துரை பங்களா தோத்துச்சு போ!"

பால் காய்ச்சும் நாள். செல்வி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நீங்கள் கல்யாணச் சேலை உடுத்தியிருந்தீர்கள். படிக்கு முன்னால் நாற்காலி நின்றது. நீங்கள் முதல் படியைப் பார்த்தீர்கள், இரண்டாவதைப் பார்த்தீர்கள், அப்புறம் என்னைப் பார்த்தீர்கள்.

"வீடு ரொம்ப நல்லாருக்கு தம்பி. யாருக்குக் கட்டுன?"

அந்த நிமிடம் மண்மேடு இன்னொரு தடவை சரிந்து என் மேல் விழுந்திருக்கலாம். நான்கு பேர் நாற்காலியோடு உங்களைத் தூக்கினார்கள். கூட்டம் என் பக்கம் திரும்பியதைப் பார்த்து நீங்கள்தான் காப்பாற்றினீர்கள்: "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தேர் வருது, சூடத்தக் காட்டுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நான் பின்பக்கம் போனேன். அங்கே கக்கூசு. அதற்கும் இரண்டு படி வைத்திருந்தேன். கதவு நாற்காலியைவிட ஒடுக்கம். உள்ளே குந்தி உட்காரும் கோப்பை.

செல்வியும் அங்கே வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம். மொனராகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை நியமனம், உங்களைச் சுமந்துகொண்டே படித்துப் பெற்றது. அடுத்த மாதம் பொறுப்பேற்க வேண்டும். "அம்மா தனியாப் போய் வந்துக்கும்னுதான் மாமா இருந்தேன்" என்றாள். அழவில்லை. காகிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கிழிக்க மனமில்லாமல் மடிக்கிறாள் என்பது தெரிந்தது.

அடுத்த நாளே சமூக சேவை ஐயாவிடம் ஓடினேன். உங்கள் வீட்டுக் காகிதங்கள் வைத்த கோவையை மூடியாயிற்று என்றார். கட்டி முடிந்த வீட்டுக்கு மறுபடி உதவி எழுத விதி இல்லை. நான் ஏதோ கத்தியிருக்க வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சத்தம் போடாதையும். நான் வந்து பாக்கிறன்" என்றார்.

பஸ் ஏறி வந்தார். உங்களைக் கட்டிலில் இருக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியில் தானே உட்கார்ந்து முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். படியடியில் முட்டி நின்றார். பிறகு எழுந்து, "இப்ப நீர் இரும்" என்றார் என்னிடம். கக்கூசு வரைக்கும் போகச் சொன்னார். அதன் இரண்டு படிக்கும் மேலே அவரும் செல்வியும் நாற்காலியோடு என்னைத் தூக்கி வைத்தார்கள். வாசல் நிலையில் என் இரண்டு கை முட்டியும் உரசித் தோல் போனது. உள்ளேயும் போக முடியவில்லை, திரும்பவும் இடமில்லை. நீங்கள் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மொதலாளி, அவசரமா வருதா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் வந்தது. ஐயா அங்கேயே, மதில் மேல் கோவையை வைத்து எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: உரியவர் தானாக உட்செல்ல முடியாமையால் வீடு பூர்த்தியாகவில்லை. "இதில பொய் ஒண்டும் இல்லைத்தானே?" என்று என்னைக் கேட்டார். பூர்த்தியாகாத வீட்டுக்கு உதவி எழுத விதி இருந்தது.

சிவப்புப் படியையும், கக்கூசின் படியையும் ஒடுங்கிய வாசலையும் நானே அலவாங்கு போட்டு உடைத்தேன். இந்த முறை நீங்கள் முற்றத்தில் உட்கார்ந்து மேற்பார்வை. மேசன் முதலில் நேராக ஒரு சரிவு இறக்கினான். "இதென்னடா, எட்டாம் நம்பர் மலையா? வண்டி வச்சாத்தான் ஏறலாம்!" என்று கலைக்க வைத்தீர்கள். முன்னால் இடம் போதாது. சுவரோரமாக வளைத்து நீளமாக இறக்குவது உங்கள் யோசனை. மழையில் சில்லு வழுக்காமல் இருக்க ஈரச் சீமெந்தில் விளக்குமாற்றால் கோடு இழுக்கச் சொன்னதும் நீங்கள். கைப்பிடிக் குழாய் எந்த உயரம் என்று, கையை நீட்டி நீங்களே காட்டினீர்கள். என் கடையில் வாங்க ஆளில்லாமல் தூசி படிந்து கிடந்த, நாற்காலி போல உட்காரும் கொமட் ஒன்று, வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஏழு நாள் சாக்கு நனைத்துப் போட்டோம்.

எட்டாம் நாள், ஐயாவும் வந்து நிற்க, நீங்கள் சரிவில் இறங்கினீர்கள். யாரும் தொடவில்லை. சுவரோரம் திரும்பி, கக்கூசுக்குள் போய், கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டீர்கள். அந்தக் கொண்டிச் சத்தம் கேட்ட பிறகும் வெளியே பத்துப் பதினைந்து பேரும் கதவைப் பார்த்தபடி நின்றோம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னத்துக்கு எல்லாரும் பொணங் காக்குற மாதிரி நிக்கிறீங்க? போங்க அங்குட்டு!"

ஓடினோம். ஐயாவும்தான் ஓடினார். நீங்கள் வெளியே வந்து, முகம் கழுவி, "செல்வி, தேத்தண்ணி ஊத்து" என்றீர்கள். பிற்பகல் மூன்று மணி. சாயம் கூட்டி, சீனி கூட்டி, இரண்டு கோப்பை குடித்தீர்கள். அடுத்த வாரம் மொனராகலை பஸ்ஸில் செல்விக்கு யன்னலோர ஆசனம் பிடித்துக் கொடுத்தது நான். அவள் பெட்டியைத் தூக்க விட்டாள், ஆனால் அழுததைப் பார்க்க விடவில்லை.

அந்த வீட்டில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தீர்கள். இவ்வளவு காலமும் உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. "யாருக்குக் கட்டுன?" என்று கேட்டீர்களே, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்குத்தான் கட்டினேன், அக்கா. கைவண்டி தள்ளிய பயல் கட்டிக்கொடுத்த வீட்டைத் தோட்டம் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று கட்டினேன். உங்களுக்கு அது அன்றே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் தேர், சூடம் என்று பேச்சை மாற்றி என்னைக் கூட்டத்துக்கு முன்னால் தலைகுனியாமல் விட்டுவைத்தீர்கள். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்த ஒவ்வொரு முறையும் பிஸ்கட் பெட்டியைத்தான் நீட்டியிருக்கிறேன்.

நேற்று பின்னேரம் ஒருவர் அரசாங்கக் கடிதத்தோடு கடைக்கு வந்தார். லுணுகலைப் பக்கம், அவருடைய தாயாருக்கு வீடு. தாயாருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. எத்தனை மூட்டை போகும், எவ்வளவு தகரம் என்று கேட்டார். முன்பானால் ஒரு மூச்சில் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாது என்றேன். முப்பது வருட வியாபாரத்தில் சாமான் வாங்க வந்தவரிடம் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை என்று என் மனைவி சிரிக்கிறாள்.

நாளைக் காலை அவரோடு லுணுகலைக்குப் போகிறேன். அந்த அம்மா எந்தப் பக்கம் எழும்புவார், எதைப் பிடித்து நடப்பார், தண்ணீருக்கு எப்படிப் போவார், அவர்தான் சொல்ல வேண்டும். சொல்லி முடியும்வரை நான் வாயைத் திறக்கப் போவதில்லை, அக்கா.