எங்கள் சந்தின் கேரம் போர்டு

18 ஏப்ரல் 2020
ஊரடங்கு என்று பேர்தான். சந்து முனையில், மளிகைக்கடை அண்ணாச்சி ஆறுமுகநயினார் கடைக்குப் பக்கத்தில், டிரம் மேல் கேரம் போர்டைப் போட்டுக்கொண்டு ஐந்தாறு பேர் கும்மாளம். போன மாதம் வரை சாயங்காலமானால் நானும் அங்கேதான். இப்போது என் வீட்டுக்காரருக்கு வீசிங். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கிறேன். அண்ணாச்சியும் கத்திப் பார்த்தார்: "கடைக்கு முன்னால கூட்டம் போடாதீங்கடே!" யார் கேட்டது?

19 ஏப்ரல்
போலீசுக்குப் போன் பண்ணிவிட்டேன்.

20 ஏப்ரல்
மிரட்டி அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். போர்டை நடுத்தெருவில் போட்டு உடைத்தார்கள். எதிர்வீட்டு சுஹைப்புக்கு லத்தியடி. கை வீங்கிப் போச்சு. எப்போதும் என் ஜோடியாக ஆடுகிறவன் அவன்.

இவருக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். பொய். நான் உள்ளே புழுங்கிக்கொண்டிருக்க, அவர்கள் சிரித்தது பொறுக்கவில்லை. வயித்தெரிச்சல் — அதுதான். சீ.

22 ஏப்ரல்
தண்ணி லாரியில் குடம் பிடிக்கும்போது சுஹைப் சொன்னான்: "அண்ணாச்சிதாங்க்கா போட்டுக் குட்த்தாரு. கத்திகினே இருந்தாரே. இனிமே அந்தாளு கடப் பக்கம் யாரும் போவக்கூடாது."
தலையாட்டினேன். தலையாட்டினேனே! வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

9 மே
அண்ணாச்சி கடையில் ஈ ஓட்டுகிறார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார். "யம்மா, அந்தப் பயலுவள நான் எதுக்குக் காட்டிக்குடுக்கப் போறேன்? நீங்க சொன்னா கேப்பானுவ."
சொல்கிறேன் என்றேன். நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

14 ஜூன்
இன்றும் சொல்லவில்லை.

17 ஜூன்
அண்ணாச்சி கடையைக் காலி பண்ணிவிட்டார். குடும்பத்தோடு வேன் ஏறி, திருச்செந்தூர் பக்கம் சொந்த ஊருக்கே. கொரோனாவுக்குப் பயந்து ஓடுகிறார் என்று சந்தில் சிரித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

10 ஜனவரி 2021
புதுப் போர்டு வந்திருக்கிறது. பூட்டிக் கிடக்கும் கடை வாசலில் நல்ல இடமாம், அங்கேயே போட்டிருக்கிறார்கள். சந்தே திரண்டு நிற்கிறது. எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தம் கேட்டு! அழுகை வந்துவிட்டது. போய் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "அண்ணாச்சி இல்ல. நான்தான் போன் பண்ணேன்."

சுஹைப் சிரித்தான். "அட போக்கா! போன ஆளுக்காவ நீ இன்னாத்துக்குப் பழிய தலைல போட்டுக்கினு? உன் மனசு எங்களுக்குத் தெரியாதா? வா, குந்து. ஜோடி இல்லாம கீறேன்."

இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

உட்கார்ந்தேன். ரெட் காயை நான்தான் போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள்.