டோக்கியோ நேரத்துக்குக் கூவாத சேவல்

கமலவேணியின் அப்பாவுக்கு,

அவித்த மரவள்ளிக்கிழங்கு சட்டியில் இருக்கிறது. பக்கத்துக் கிண்ணத்தில் கோழிக்குழம்பு. என்ன விசேஷம் என்று கேட்காதீர்கள், சிஹாபுதீன் வீட்டுச் சேவல்தான்.

ஜப்பான்காரன் உங்களைத் தெருத் தலைவராக்கிக் கையில் பட்டை கட்டிவிட்டதும், நம் காஜா பேராங் தெருவில் சத்தமே கூடாது என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். சரி. கடிகாரத்தையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி டோக்கியோ நேரம் வைத்தார்கள். அதுவும் சரி. நீங்கள் திடலுக்கு உடற்பயிற்சிக்குப் பிந்திப் போனதற்கு, சேவல் பழைய நேரத்துக்கே கூவுகிறது, மேலே எழுதிப் போடுவேன் என்று மிரட்டிய மனுஷன் மலாக்காவிலேயே நீங்கள் ஒருவர்தான். பயந்துபோய் அறுத்துவிட்டார்கள்.

"தலைவருக்குக் குடுங்கக்கா" என்று சிஹாபுதீன் மனைவி மும்தாஜ் கிண்ணத்தை நீட்டினாள். வேலியோரம் அரை மணி நேரம் நின்று பேசுகிறவள், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தெரு அமைதியாகிவிட்டது என்று நேற்றுக்கூட மீசையைத் தடவினீர்களே! உங்களைக் கண்டதும் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் கோழிக்குஞ்சுகளில் இரண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன். கதவைப் பூட்டாமல்தான் போகிறேன், சாவி என்னிடம் இருக்கிறது. நீங்களும் வருவதென்றால் அந்தப் பட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள்.

பூங்காவனம்

மறந்துவிட்டேன்: நாளைக்கும் ஏழு மணிக்கு உடற்பயிற்சி. பிந்தியாவது உங்களை எழுப்பிக்கொண்டிருந்தது அந்தச் சேவல்தான். நான் எழுப்பமாட்டேன்.