என் தங்கைக்கு யார் கற்றுக்கொடுப்பது

பிப்ரவரி 3, சனி

மூசொண்டா இன்றும் என் சறுக்குப்பலகை வகுப்புக்கு வரவில்லை. என் சொந்தத் தங்கை! போன மாதம் கிட்வே நகரிலிருந்து வந்த லுயாண்டோவின் வகுப்பில் போய் நின்றாள். இந்த முற்றத்தில் சறுக்குமேடைக்கு சிமெண்ட் குழைத்தவள் நான். லுயாண்டோ அப்போது எங்கே இருந்தாள்?

"அங்க ஏன்டி போற?"

"நீ திட்டுவ அக்கா. அவ சிரிப்பா."

பிப்ரவரி 6

லுயாண்டோ கிடாரும் வாசிக்கிறாளாம். வாசிக்கட்டும்.

பிப்ரவரி 10, சனி

மூசொண்டா பலகையிலிருந்து விழுந்தாள். நான் ஓடுவதற்குள் லுயாண்டோ அவள் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "வானம் நல்லாத்தான் இருக்கு. வலி போற வரைக்கும் பாப்போம்" என்கிறாள். இருவருக்கும் ஒரே சிரிப்பு. நான் போயிருந்தால், "முட்டிய மடக்கச் சொன்னேனா இல்லையா" என்று கத்தியிருப்பேன். தெரிகிறது. தெரிந்தும் வயிறு எரிகிறது.

பிப்ரவரி 13

முற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் கெல்வினிடம் பேசினேன். சனிக்கிழமை இரண்டு வகுப்பும் நெரிவதால் அதே முற்றத்தில் பாட்டுக்காரர்கள் ஒத்திகை பார்க்க முடியவில்லை, லுயாண்டோ வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்று என்றேன்.

"நல்ல யோசனைதான் லோம்பே."

ஞாயிறு காலை மூசொண்டாவுக்குச் சர்ச்சில் பாட்டுக்குழு. அம்மா விடவே மாட்டாள். கெல்வினுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 17, சனி

லுயாண்டோ வகுப்பு ஞாயிறுக்கு மாறிவிட்டது. மூசொண்டா என் வகுப்புக்கும் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 24, சனி

அவளுக்குப் பிடிக்குமே என்று சூடாக விட்டும்புவா, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள், வாங்கிப்போனேன். தொடவில்லை.

"பலகைய யாருக்காவது குடுத்துரு அக்கா. எனக்கு வேணாம்."

ஐயோ, என்ன காரியம் செஞ்சுட்டேன்? இதுக்கா ஆசைப்பட்டேன்?

பிப்ரவரி 27

லுயாண்டோ வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியை முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்ட பிறகுதான் திரும்பினாள்.

"சர்ச்சு விஷயம் தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"தெரிஞ்சேதான்."

"கேவலமா இருக்கு லோம்பே."

"ஆமா. சனிக்கிழமைய நீ எடுத்துக்க. ஞாயித்துக்கெழமைய நான் பாத்துக்கறேன்."

"கெல்வின்கிட்ட நீயே சொல்லு. காரணத்தையும் சேத்து."

சொன்னேன். அவன் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 2, சனி

எனக்கு வகுப்பில்லை. பாட்டுக்காரர்களுக்கு ஒயர் இழுத்துக்கொண்டு நின்றேன். லுயாண்டோ வகுப்புக்கு வந்த மூசொண்டா பலகையோடு சறுக்குமேடை உச்சியில் ஏறி நின்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள் — விழவில்லை! இரண்டு கையையும் தூக்கியபடி திரும்பிப் பார்த்தாள். லுயாண்டோவை.

டிரம் அடிக்கிறவன் கேட்டான்: "உன் தங்கச்சிதானே? நீயா கத்துக்குடுத்த?"

"இல்ல. லுயாண்டோ."