மூன்றாவது தடவையாவது ஒன்பது மணிக்குப் போ

காயானி, ஜனவரி 20

அன்புள்ள வில்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், பனியும் நலமாக ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. நீ நலமா என்று கேட்கவில்லை. நன்றாகத் தூங்குகிறாய் என்பதுதான் தெரிந்துவிட்டதே. நீ போனில் சொன்னதை மூன்று நாளாக யோசிக்கிறேன், கோபம் தணியவில்லை. வேதியியல் தேர்வுக்கு முதல் தடவை படிக்காமல் போய்த் தோற்றாய், சரி, புதுசு. இரண்டாம் தடவை ஒன்பது மணித் தேர்வு, அரைமணி கழித்துக் கதவைச் சாத்துவார்கள், நீ போய் நின்றது ஒன்பது முப்பத்திரண்டுக்கு. கேட்டால், "இங்க ஒன்பதுன்னா ஒன்பதேகால்மா, எல்லாருக்கும் தெரியும்" என்கிறாய். அந்தக் கால்மணிச் சலுகை வகுப்புக்குத்தான், தேர்வுக்கு இல்லை என்று முதல் வாரக் கூட்டத்திலேயே சொல்லியிருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கும் கால்மணி கழித்துத்தான் போனாயோ என்னவோ. பல்கலைக்கழகம் கொடுத்த கால்மணி ஒன்று, நீயே உனக்கு வழங்கிக்கொண்ட கால்மணி ஒன்று, மீதி இரண்டு நிமிஷம் எதற்கு என்று மட்டும் எழுது. பத்தொன்பது வருஷமாகக் காலை ஏழு பத்து பஸ்ஸை ஓட்டுகிறவளின் மகள் நீ. அப்பாவோ, "விடு, சின்னப் பொண்ணு, பழகிடுவா" என்று காப்பியை ஊற்றிக்கொள்கிறார். எதற்குப் பழகுவாய் என்பதுதான் என் கவலை.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வேதியியல் புத்தகத்தை இங்கேயே விட்டுப் போனாய், இன்றுவரை தேடவில்லை. இடைவேளைகளில் பஸ்ஸில் உட்கார்ந்து நான்தான் படிக்கிறேன். பதினோராம் பக்கம் வரை ஒரு வரி விடாமல் மஞ்சள் பூசியிருக்கிறாய், அதன் பிறகு கை படாத காகிதம். ஆனால் மாணவர்கள் விருந்துக்குப் போட்டுப் போகும் அந்த முழு உடுப்பில், போன விருந்துக்கு ஒன்றாக நாற்பத்தொரு துணிச் சின்னம் தைத்திருக்கிறாய், ஒரு தையல்கூடக் கோணவில்லை. உனக்கு உட்கார்ந்து வேலை செய்யத் தெரியும் என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தினமும் முன் இருக்கையில் வரும் ஹில்ப்பா, "பஸ் ஓட்டவும் இந்தப் பரீட்சை வெச்சுட்டாங்களா?" என்று கேட்டார். மகளுக்கு நேரமில்லை, அவளுக்காகப் படிக்கிறேன் என்றேன். "அப்ப அவ வந்து பஸ்ஸ ஓட்டட்டும்" என்றார். பஸ்ஸே சிரித்தது, அதாவது ஆறு பேர்.

நான்காம் அத்தியாயம் வரை எனக்கே புரிந்தது. தினம் பன்னிரண்டு பக்கம் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பார்த்தால் மனதில் நிற்கிறது. மஞ்சள் பூசினால் நிற்பதில்லை. நாலு பேர் கூடி பன் தின்பதற்குக் கூட்டுப் படிப்பு என்று பெயர் வைக்காதே. பிப்ரவரி பன்னிரண்டு கடைசித் தடவை, அதிலும் தவறினால் முதலாண்டை மறுபடி படிக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய், அதையே இரண்டு தடவை சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் குற்றம் ஒன்றும் இருக்கிறது. நீ பள்ளிக்குப் போன நாட்களில் நிறுத்தத்தில் உன்னைக் காணாவிட்டால் பஸ் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பேன், சில நாள் நான்கு நிமிஷம்கூட. பூட்ஸ் கயிறு கட்டாமல் ஓடிவருவாய். விதிப்படி தப்பு, வேறு எந்தப் பிள்ளைக்கும் செய்ததில்லை. நீ அதையே உலக வழக்கம் என்று நினைத்துவிட்டாய்.

புத்தகம் தனிப் பார்சலில் வருகிறது, என் பென்சில் குறிப்புகளை அழிக்காதே. தேர்வுக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி, முதலில் அதைச் செய். வேளைக்குச் சாப்பிடு, நல்லபடியாக இரு, என் ஆசி முழுவதும் உனக்குத்தான். தேர்வன்று எட்டரைக்கே வாசலில் போய் நில். அந்தக் கதவைச் சாத்துகிறவருக்கு நீ யார் மகள் என்று தெரியாது.

கோபத்தோடு,
உன் அம்மா
டெல்லெர்வோ