ரேடியோவில் வராத பெயர்

மாசி 9, ஞாயிறு.

சிரம்பானில் நடந்த ஓட்டப் பந்தயத்தைக் கேட்க, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எங்களை ஆபீஸ் ரேடியோ முன்னால் உட்காரவைத்தார். ஜப்பான் சிப்பாய்களோடு என் தம்பி மாணிக்கமும் ஓடினான். அவன் பெயரை ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தேன். ஜப்பான்காரன் நடத்தும் ரேடியோவில் தமிழில் பேசிய ஆள் ஒரு சிப்பாயையே புலி, சிங்கம் என்று புகழ்ந்துகொண்டிருந்தான். கடைசியில் யார் ஜெயித்தது என்று சொல்லாமலே பாட்டுப் போட்டுவிட்டான்.

கிராணி உள்ளே போனதும் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, "அப்போ உன் தம்பிதான் ஜெயிச்சிருக்கான்லா! அவங்க ஆளுன்னா ஒரு வாரத்துக்குக் கத்துவானே," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடக் கூட்டிப்போனவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று தினமும் சொன்னதும் இதே குரல்தான். அதை நம்பி, என் வீட்டுக்காரர் அங்கே செத்த பிறகும் நாலு மாதம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.